கடைசிப் படகும் நேனுவின் டிரம்பெட்டும்

கோசோ தீவு, ராஹல் தீன் காவல் நிலையம். புனித ரொக்கு திருவிழாவுக்கு மறுநாள், காலைப் பூசை முடிந்த பின் பதிவு செய்யப்பட்டது. பதிவு செய்பவர்: சார்ஜென்ட் விஸ்டின் மிஸ்ஸி.

பெயர்: மார்தீஸ் அட்டார்ட். தகப்பனார்: காலஞ்சென்ற கார்மனு அட்டார்ட். வயது: ஐம்பத்து நான்கு. தொழில்: கப்பலில் வரும் பயணிகளைச் சொந்த வேனில் ஊர் சுற்றிக் காட்டுவது, அதற்கான படகுத்துறைப் பர்மிட் உண்டு. முகவரி: ராஹல் தீன், ரொக்கு தெரு, 'நல்ல காற்று' என்ற பெயருள்ள வீடு. குடும்பப் பட்டப்பெயர்: வெள்ளாடு. இந்த ஊரில் அட்டார்ட் என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும் என்பதால் பட்டப்பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.

மேற்படி மார்தீஸ் அட்டார்ட் ஆகிய நான், யாரும் இழுத்து வராமல், என் வேனை நானே ஓட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்து, நல்ல நினைவோடு கொடுக்கும் வாக்குமூலம் பின்வருமாறு.

எங்கள் ஊரில் கோயில் ஒன்று, பேண்டு இரண்டு. நான் புனித ரொக்கு பேண்டு கிளப்பைச் சேர்ந்தவள். எங்கள் புனிதரின் காலடியில் ரொட்டி கவ்விய நாய் நிற்பதால் எங்களை நாய்க்காரர்கள் என்பார்கள், அதில் எங்களுக்குப் பெருமைதான். சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் விண்மீன் மாதா பேண்டு கிளப், அவர்களை நட்சத்திரக்காரர்கள் என்போம். இதை எழுதிக்கொண்டிருக்கும் சார்ஜென்ட் விஸ்டின் மிஸ்ஸி பிறந்ததிலிருந்து நட்சத்திரக்காரர், அவர்கள் பேண்டில் டிரம்பெட் வாசிக்கிறவர். இதையும் எழுதச் சொன்னேன். "இது கேசுக்குத் தேவையில்ல மார்தீஸ்" என்றார். "தேவையா இல்லையான்னு மேல இருக்கிறவங்க பாத்துக்கட்டும், நீங்க எழுதுங்க" என்றேன். எழுதினார். அவர் என்னை விசாரிப்பதில் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். எதிர்க்கட்சிக்காரர் என்றாலும் சொன்னதைச் சொன்னபடி எழுதுவார் என்று எனக்குத் தெரியும்.

என் மேல் இரண்டு பேர் புகார் கொடுத்திருக்கிறார்கள். முதலாவது, கப்பல் பயணி லீஸ்பெத் என்ற அம்மாள். தன் தகப்பனார் ஹூப் டெர்க்ஸின் செருப்பை நான் ஒளித்து வைத்து, அவரை எங்கள் கிளப்பில் பிடித்து நிறுத்தி, கடைசிப் படகைத் தவறவிடச் செய்தேன் என்று துறையில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறியிருக்கிறார். இரண்டாவது, நட்சத்திரக்காரர்களின் தலைவர் சல்வு போர்ஜ். நான் அந்தப் பெரியவருக்கு ஒயின் ஊற்றிக் கொடுத்து, அவர் நிதானம் தப்பியபின் எங்கள் பேண்டில் வாசிக்க வைத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக இன்று காலை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

துறைச் சட்டம் எனக்கு மனப்பாடம். தெளிந்த புத்தியோடு பயணியே வரமாட்டேன் என்று சொன்னால் வேன்காரர் மேல் குற்றமில்லை. வேன்காரரே நிறுத்தி வைத்தார் என்றால் பர்மிட் ரத்து. பர்மிட் போனால் என் வேன் கோழி அடையத்தான் உதவும், எனக்கு வேறு தொழில் தெரியாது. ஆகவே நடந்தது எல்லாவற்றையும், எனக்குச் சாதகமில்லாததையும் சேர்த்தே சொல்கிறேன்.

சல்வு போர்ஜ் கண்ணால் பார்த்ததைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ரொக்கு திருவிழாவன்று நட்சத்திரக்காரர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுக் குடும்பத்தோடு கடலுக்குக் குளிக்கப் போய்விடுவார்கள். மாதா திருவிழாவன்று நாங்களும் அப்படித்தான் போவோம். அன்றைக்கு ஊரில் தங்கி எதிர்த்தரப்பு பேண்டைக் கேட்டவனுக்கு அவன் கிளப்பில் அதன் பிறகு காபி கிடைக்காது, சீட்டாட்டத்தில் இடம் கிடைக்காது, அவன் பிள்ளை கல்யாணத்துக்கு பேண்டு வராது. எனவே சல்வு நேற்று ஊரில் இருந்து பார்த்தார் என்றால் அதை முதலில் தன் கிளப்பில் சொல்லட்டும். கடலில் இருந்தார் என்றால், குளிக்கிற இடத்திலிருந்து எங்கள் கிளப் தெரியாது, நடுவில் ஒரு மலை இருக்கிறது.

நேற்று காலை நான் படகுத்துறையில் வேனோடு நின்றேன். கப்பல் வெளியே நங்கூரம் போட்டிருந்தது, சின்னப் படகுகளில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்படி இறங்கியவர்களில் தகப்பனும் மகளுமாக இரண்டு பேர் என் வேனுக்கு வந்தார்கள். மகள் லீஸ்பெத், நாற்பது வயது இருக்கும். அவருடைய புருஷனும் சிறு பெண்ணும் கப்பலிலேயே தங்கிவிட்டார்கள். தகப்பன் ஹூப், எழுபதை ஒட்டிய வயது, நெட்டையான ஆள், தலையில் ஓலைத் தொப்பி, காலில் தோல் செருப்பு. ஹாலந்தில் ஒரு கிராமத்துக்காரர். எங்களுக்குள் பேச்செல்லாம் இங்கிலீஷில் நடந்தது. எந்த ஊரில் எவ்வளவு நேரம் என்று அந்த அம்மாள் போனில் குறித்து வைத்திருந்தார். "கடைசிப் படகுக்கு முன்னாடி இங்க கொண்டாந்து விட்ருவீங்கல்ல?" என்று ஏறும்போதே கேட்டார். "அம்மா, நான் யாரையும் விட்டுட்டு வந்ததே இல்ல" என்றேன். அது நேற்று காலை வரை உண்மை.

முதலில் வடக்குக் கரை உப்பளத்துக்குப் போனோம். பெரியவர் பாத்திகளைப் பார்த்தவுடன் விடுவிடுவென்று இறங்கி, வரப்பில் நடப்பதற்குப் பதில் உப்பு விளைந்திருந்த பாத்திக்குள்ளேயே காலை வைத்துவிட்டார். உப்பளத்துக்காரி வாரியலோடு ஓடி வந்து, "யாருய்யா அது, குதிர மாதிரி உள்ள எறங்குறது? நீ வந்து அள்ளுவியா?" என்று எங்கள் பாஷையில் கத்தினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். அவளுக்குக் கோபம் போய் ஒரு பை உப்பு கொடுத்தனுப்பினாள். செருப்பு இரண்டும் உப்புத் தண்ணீரில் ஊறிப்போனது. அதைக் கழற்றி வேன் கூரைமேல் காயவைத்து, காய்ந்ததும் பின் சீட்டுக்கு அடியில் போட்டேன். அந்த அம்மாள் நாள் முழுக்க அதே சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார், குனிந்தால் காலில் தட்டும். இதைத்தான் ஒளித்து வைத்தது என்கிறார்கள்.

அதன் பிறகு மேட்டு ஊரில் ஆட்டுப்பால் சீஸ் போடுகிற வீட்டுக்குப் போனோம். அந்த அம்மாள் அச்சுகளைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, பெரியவர் வெறுங்காலோடு அடுக்களைக்குள் போய் மிளகு போட்ட சீஸைக் கேட்டுக் கேட்டுத் தின்றார். "அப்பா, உங்க பி.பி. என்ன ஆகும்?" என்று மகள் கேட்டார். "அது கப்பல்ல இருக்குடி, மாத்திரையோட சேத்து கேபின்லயே விட்டுட்டு வந்துட்டேன்" என்றார். எனக்கு அப்போதே அந்த மனிதரைப் பிடித்துப்போனது. இதையும் மறைக்கவில்லை.

அங்கிருந்து கிளம்பும்போது எங்கள் ஊர்ப் பக்கம் பகல் வெடி வெடித்தார்கள். என்ன சத்தம் என்று பெரியவர் கேட்டார். எங்கள் ஊர்த் திருவிழா என்றேன். பேண்டு உண்டா என்று கேட்டார். பேண்டு இல்லாமல் என்ன திருவிழா என்றேன். "அந்த ஊர் நம்ம திட்டத்துல இல்லப்பா" என்று மகள் சொன்னார். "திட்டத்துல இருக்கிற கோட்டைய நீ படத்துலயே பாத்துட்ட, நான் இத நேர்ல பாக்குறேன்" என்றார் தகப்பன். மகள் போனில் நேரத்தைப் பார்த்துவிட்டு, சரி, சீக்கிரம் திரும்பிவிட வேண்டும் என்று சொன்னார். நான் வேனைத் திருப்பினேன். வற்புறுத்தவில்லை, ஆனால் திருப்பச் சொன்னபோது சந்தோஷமாகத் திருப்பினேன்.

இந்த இடத்தில் என் தம்பி நேனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேனு எங்கள் பேண்டில் முதல் டிரம்பெட். எங்கள் புனிதரின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலுக்கு வெளியே வரும்போது வாசிக்கிற பவனிப் பாட்டில் நடுவே டிரம்பெட் தனியாக வருகிற ஒரு பகுதி உண்டு. அதை இளவயதிலிருந்து அவன்தான் வாசித்தான். சென்ற பிப்ரவரியில் மாரடைப்பில் போய்விட்டான். எங்கள் கிளப்பில், பேண்டுக்காரர் இறந்தால் அவர் வாத்தியத்தை அடுத்த திருவிழா வரை அவர் நாற்காலிமேல் வைத்திருப்போம். குடும்பத்தார் சம்மதம் இல்லாமல் யாரும் தொடக்கூடாது. நேனுவுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது, குடும்பம் என்றால் நான்தான்.

இந்த வருடம் அந்தத் தனி வாசிப்பு வரும் இடத்தில் எல்லோரும் வாத்தியத்தைத் தாழ்த்தி, தம்பூர் என்கிற சின்ன முரசை மட்டும் மெல்லத் தட்டி, நேனுவுக்காக மௌனம் காப்பது என்று கமிட்டி முடிவு செய்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் சோறு திங்கும்போதுகூட வாய மூடினதில்ல, அவனுக்கு எதுக்குடா மௌனம்?" என்று கேட்டேன். பேண்டு மாஸ்டர் லோன்சு, "வாசிக்க ஆள் எங்க இருக்கு மார்தீஸ்? இருக்கிற பயலுக வாசிச்சா நாய் ஊளையிடுதுன்னு எதிர்ல சிரிப்பானுங்க" என்றார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. மௌனம் என்றே முடிவானது. பெரியவரை நிறுத்தி வைக்க எனக்குக் காரணம் உண்டா என்று கேட்டால், உண்டு, மேலே சொன்னதுதான் காரணம். ஆனாலும் நிறுத்தவில்லை.

ஊருக்குள் வந்ததும் விருந்தாளிகள் இருவரையும் கிளப்புக்கு அழைத்துப் போய் உட்காரவைத்து, பெரியவருக்கு ஒரு டம்ளர் ஒயின் ஊற்றிக் கொடுத்தேன். வந்தவருக்கு ஊற்றிக் கொடுக்காமல் இருந்தால்தான் எங்கள் ஊரில் புகார் கொடுக்க வேண்டும். அவர் அதை ஜன்னல் விளிம்பில் வைத்தார், வைத்தவர் மறந்தே போனார். டம்ளரில் குளவி விழுந்து செத்துக் கிடக்கிறது, இன்று காலையும் பார்த்தேன், குறையாமல் அப்படியே இருக்கிறது. தேவைப்பட்டால் குளவியோடு கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். மகள் கோயில் அலங்காரத்தைப் படம் எடுக்கப் போனார். நான் அடுக்களையில் ரொட்டிக்குத் தக்காளி தேய்த்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மேலே ஒத்திகைக்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மேலே டிரம்பெட் சத்தம் கேட்டது. நேனுவின் டிரம்பெட். அதன் சத்தத்தை நான் தூக்கத்திலும் அடையாளம் சொல்வேன், ஏனென்றால் நாற்பது வருடம் அது என் தூக்கத்தைத்தான் கெடுத்தது. அவன் செத்துவிட்டான், அவன் சவப்பெட்டியைத் தோளில் தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. இருந்தும் தட்டைக் கீழே போட்டுவிட்டுப் படியேறி ஓடினேன்.

மேலே பெரியவர் நேனுவின் நாற்காலியில் வெறுங்காலோடு உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். லோன்சு, "கீழ வைய்யா! வைய்யா கீழ!" என்று கத்தினார். பெரியவர் உடனே வைத்துவிட்டு எழுந்து நின்று, "மன்னிக்கணும். எங்க ஊர் பேண்டுல நான் இதத்தான் வாசிக்கிறேன். நாற்காலிமேல வாத்தியம் இருந்தா, வந்து வாசின்னு எங்க ஊர்ல அர்த்தம்" என்றார். "இங்க அது செத்தவன் எடம்" என்றார் லோன்சு. பெரியவர் என்னைப் பார்த்தார், என் முகத்தில் என்ன தெரிந்ததோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "செத்தவருக்குன்னு வச்சிருக்கிற எடத்துல ஒருத்தரும் வாசிக்கலேன்னா, பாவம், அவரு என்னத்தக் கேப்பாரு?" என்றார். கமிட்டியில் எனக்கு வராத பதிலை, வெறுங்காலோடு வந்த வெளியூர்க்காரர் சொல்லிவிட்டார்.

லோன்சு என் பக்கம் திரும்பி, "குடும்பம் நீதான். நீ சொல்லு" என்றார். "வாசிக்கட்டும்" என்றேன். லோன்சு பவனிப் பாட்டின் காகிதத்தை எடுத்துப் பெரியவர் முன் வைத்தார். பெரியவர் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்த்துவிட்டு வாசித்தார். முடித்தபோது லோன்சு மூக்கைச் சிந்திக்கொண்டு, "ரெண்டாவது வரியில அவசரம். இன்னொருதரம்" என்றார். அப்போதே எனக்கு விஷயம் கைமீறிப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நான் நினைத்தது ஒத்திகையோடு முடியும் என்றுதான். இதை சார்ஜென்ட் இரண்டு தடவை கேட்டார், இரண்டு தடவையும் இதையேதான் சொன்னேன்.

படகுக்கு நேரம் நெருங்கியபோது மகளை வேனில் ஏற்றி, கிளப்பின் பக்கத்துச் சந்து முனையில் நிறுத்தி, ஏ.சி.யைப் போட்டுவிட்டு, சந்துக் கதவில் போய்த் தட்டினேன். பெரியவர் வெளியே வந்தார். நேனுவின் பேண்டு கோட்டு, நேனுவின் கறுப்பு ஷூ. கோட்டு தோளில் சரியாக இருந்தது, வயிற்றில் இறுக்கம். அங்கே எங்களுக்குள் நடந்த பேச்சைச் சொன்னபடியே எழுதச் சொன்னேன்.

"ஐயா, வண்டி ஸ்டார்ட்டுல இருக்கு. ஏறுங்க, படகு போயிரும்."

"நான் வரல மேடம்."

"விளையாடாதீங்க. கப்பல் கெளம்பிரும்."

"கெளம்பட்டும். நாளைக்கு அது சிசிலில நிக்கும், நான் போய் ஏறிக்குவேன். இந்தப் பவனி நாளைக்கு இருக்குமா?"

"உங்க மக என்னக் கொன்னுருவா."

"என்னைய மட்டும் விட்டுருவாளா? பட்டன் மாட்ட மாட்டேங்குது, கொஞ்சம் பிடிங்க."

நான் அவருடைய கோட்டுப் பட்டனை மாட்டிவிட்டேன். அந்த அம்மாள் சாத்திய கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தது இதைத்தான். பேச்சு அவருக்குக் கேட்கவில்லை. நான் அவர் தகப்பன் நெஞ்சில் கை வைத்ததும், அவர் உள்ளே போனதும், நான் தனியாகத் திரும்பி வந்ததும்தான் தெரிந்தது. அப்பா வரமாட்டேன் என்கிறார் என்று சொன்னேன். "பொய்! செருப்புகூட இல்லாத மனுஷன் அப்படி சொல்லுவாரா? என்ன குடிக்க வச்சீங்க?" என்று கத்திவிட்டு இறங்கிச் சதுக்கத்துக்கு ஓடினார். அதற்குள் பேண்டு முன்வாசல் வழியாக வெளியேறிவிட்டது. மாடிகளிலிருந்து காகிதப்பூ கொட்டிக்கொண்டிருந்தது, ஊரே தோளோடு தோள் இடித்து நின்றது, அதற்குள் யாரும் நுழைய முடியாது. தலையெல்லாம் காகிதத்தோடு திரும்பி வந்தார். கப்பலில் சின்னப் பெண் காத்திருக்கிறாள், தகப்பன் கூட்டத்துக்குள் இருக்கிறார், இரண்டில் ஒன்றைத்தான் அவர் எடுக்க முடிந்தது. அழுதுகொண்டே வேனில் ஏறினார். நான் அவர் இடத்தில் இருந்தால் புகார் கொடுத்ததோடு நிறுத்தியிருக்க மாட்டேன். அந்த அம்மாள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அவரைக் கடைசிப் படகில் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். வழியில் எங்கள் மருந்துக் கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, பெரியவருக்கு பி.பி. மாத்திரை கொடுத்தனுப்ப ஏற்பாடு செய்தேன். ஊருக்குள் வண்டி விடவில்லை, மேட்டுக் காற்றாடி ஆலைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு இறங்கினேன். அப்போது கீழே பாட்டு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. நான் கல்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேட்டிலிருந்து ஆள் தெரியவில்லை, சுரூபத்தின் தலை மட்டும் விளக்கு நடுவே ஆடிக்கொண்டு வந்தது. டிரம்பெட் மட்டும் தனியாகக் கேட்டது. இரண்டாவது வரியில் அவசரம் இல்லை. நான் வாய்விட்டு அழுதேன், பக்கத்தில் யாரும் இல்லை என்பதால் அடக்கவும் இல்லை.

ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசிச் சுரத்தை நேனு விடமாட்டான், லோன்சு கையை இறக்கிய பிறகும் வேண்டுமென்றே இழுத்துக்கொண்டே இருப்பான், லோன்சு முறைப்பார், ஊர் கை தட்டும். பெரியவர் அதை இழுக்கவில்லை. பாதியில் நின்றுவிட்டது, உடனே வெடி போட்டுவிட்டார்கள். வெளியூர்க்காரருக்கு அது எப்படித் தெரியும், காகிதத்தில் எழுதியிருக்காது. என்றாலும் என் காது அதற்காகக் காத்திருந்தது.

அதன் பிறகு பெரியவர் கிளப்பில் முயல்கறி தின்று, லோன்சுவோடு தாளத்தைப் பற்றிச் சண்டை போட்டு, என் வீட்டில் நேனுவின் அறையில் தூங்கி, இன்று விடிந்ததும் சிசிலிக்குப் போகிற விரைவுப் படகில் ஏறிவிட்டார். நேனுவின் ஷூவோடுதான் போனார், கழற்றப் போனவரை நான்தான் வேண்டாம் என்றேன். அவருடைய தோல் செருப்பு இரண்டும் இத்துடன் நிலையத்தில் ஒப்படைக்கப்படுகிறது, ஒளித்து வைத்த பொருள் இவ்வளவுதான். தன் விருப்பத்தில் தங்கியதாகப் பெரியவர் போகும்போது துறையிலும் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் குடித்திருந்தார் என்று சல்வு எழுதிக் கொடுத்துவிட்டதால் அவர் சொல் எடுபடாது என்கிறார்கள். எங்கள் கிளப் ஆட்கள் சாட்சி சொன்னால் நாய்க்காரர்கள் நாய்க்காரிக்குத்தான் குரைப்பார்கள் என்று தள்ளிவிடுவார்கள். வேறு சாட்சி உண்டா என்று சார்ஜென்ட் கேட்டார்.

உண்டு. நானும் பெரியவரும் சந்துக் கதவில் பேசிக்கொண்டிருந்தபோது, ஐந்தடி தள்ளி, மூடிக் கிடந்த தானியக் கடையின் தூண் மறைவில் ஒருவர் நின்றார். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தார். அவர் எங்கள் கிளப் ஆள் இல்லை, நட்சத்திரக்காரர். அன்றைக்குக் கடலில் இருக்க வேண்டியவர். பெரியவர் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதில் விழுந்தது, பெரியவரின் வாயில் வாடை இல்லை என்பதும், கால் தள்ளாடவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர் நேற்று மட்டும் வந்தவரில்லை. ஒவ்வொரு ரொக்கு திருவிழாவுக்கும் கடலிலிருந்து நைசாக நழுவி வந்து, அந்தத் தூண் மறைவில் நின்று, நேனு வாசிப்பதைக் கேட்டுவிட்டுப் போவார். எனக்குத் தெரியும், நேனுவுக்கும் தெரியும். ஒத்திகையில் அந்த இடம் வரும்போது நேனு நாற்காலியைத் திருப்பி, டிரம்பெட்டைச் சந்து ஜன்னல் பக்கம் நீட்டி வாசிப்பான். "ஏண்டா அங்க திரும்புற?" என்று ஒருமுறை கேட்டேன். "அக்கா, ஊருல இத சரியா கேக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தன்தான், அவன் வெளிய நிக்குறான்" என்றான்.

அந்த ஆளின் பெயர் என்ன என்று சார்ஜென்ட் கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லாவிட்டால் பர்மிட் போகும், அது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் பெயர் வெளியே வந்தால் என் பர்மிட் பிழைக்கும், அவருக்கு அவர் ஊரிலேயே இடமில்லாமல் போகும். அவர் பிள்ளைக்கு அக்டோபரில் கல்யாணம் வைத்திருக்கிறது. நேனு உயிரோடு இருந்தபோது காட்டிக்கொடுக்காத ஆளை, அவன் போனபிறகு நான் காட்டிக்கொடுத்தால் வீட்டில் அவன் படத்துக்கு முன்னால் நிற்க முடியாது. அவரைச் சாட்சி சொல்லச் சொல்லிக் கேட்கவும் மாட்டேன், ஏன் சொல்லவில்லை என்று கோபிக்கவும் மாட்டேன். வேன் போனால் போகட்டும், எனக்குக் கை கால் இருக்கிறது.

இந்த இடத்தில் சார்ஜென்ட் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து ஜன்னலுக்குப் போய்ச் சதுக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சதுக்கத்தில் காகிதப்பூவைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள், எதிர்க் கிளப்பில் கடலுக்குப் போயிருந்தவர்கள் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தார்கள். பிறகு வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். இதையும் எழுதச் சொன்னேன். "இதெல்லாம் எழுதற வழக்கமில்ல மார்தீஸ்" என்றார். "எழுதுங்க" என்றேன். எழுதினார்.

மேலே கண்டதெல்லாம் சார்ஜென்ட் வாசித்துக் காட்ட நான் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, கூட்டினதும் இல்லை, விட்டதும் இல்லை, அந்த ஒரு பெயரைத் தவிர. எல்லாம் உண்மை என்று கையெழுத்து இடுகிறேன்.

(ஒப்பம்) மார்தீஸ் அட்டார்ட்

பதிவு செய்தவர் சேர்த்தது:

மார்தீஸ் அட்டார்ட் கையெழுத்திட்டுவிட்டு வெளியே போன பின் இதை எழுதுகிறேன். தானியக் கடைத் தூண் மறைவில் நின்றவர் இந்நிலையத்தின் சார்ஜென்ட் விஸ்டின் மிஸ்ஸி ஆகிய நான். நேற்று எனக்கு விடுப்பு. பயணி ஹூப் டெர்க்ஸ் நிதானமாக இருந்தார். வண்டியில் ஏறும்படி மார்தீஸ் அட்டார்ட் அவரை இரண்டு தடவை அழைத்ததையும், தான் வரவில்லை என்று அவர் தெளிவாகச் சொன்னதையும் என் காதால் கேட்டேன். சல்வு போர்ஜ் அங்கே இல்லை. நான் கிளம்பும்போது அவர் கடலில் மிதந்துகொண்டிருந்தார். நானே சாட்சியாகிவிட்டதால் இனி இதை நான் விசாரிப்பது முறையல்ல, கட்டு முழுவதையும் இன்றே மேலிடமான ரபாத் இன்ஸ்பெக்டருக்கு அனுப்புகிறேன். இதன் நகல் கேட்கிற யாருக்கும், சல்வு போர்ஜ் உட்பட, கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மார்தீஸ் அட்டார்டின் வாக்குமூலத்தில் ஒரே ஒரு தவறு உள்ளது. கடைசிச் சுரத்தைப் பயணி இழுக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் நின்ற மேட்டில் வெடிச் சத்தம் மறைத்திருக்க வேண்டும். நான் சதுக்கத்து ஓரம் வரை போயிருந்தேன். லோன்சு கையை இறக்கினார், முறைத்தார், பிறகு தானே திரும்பவும் கையைத் தூக்கினார். பயணி இழுத்தார். வெடிப்புகை அடங்கும் வரை விடவில்லை.

(ஒப்பம்) விஸ்டின் மிஸ்ஸி, சார்ஜென்ட்